மாரித் சொன்னது

நெல்ஸ் எழுந்தான். காபி போட்டு வைத்துவிட்டுத் தொழுவத்துக்குப் போனான். மடியைக் கழுவினான், கறவை இயந்திரத்தை மாட்டினான், கழற்றினான், அடுத்த மாட்டுக்கு நகர்ந்தான். கறந்து முடித்து வீட்டுக்குள் வந்து, சமையலறை ஜன்னலின் விளிம்பை ஈரத்துணியால் துடைத்தான். துணியில் வெள்ளைத் தூசி. ஜன்னலைத் திறக்கவில்லை. ஆறிப்போன காபியைக் குடித்தான்.

பக்கத்துப் பண்ணை டுவெய்ன் தன் மேட்டை மணல் கம்பெனிக்குக் கொடுத்ததிலிருந்து இந்தத் துடைப்பு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இந்தப் பக்கத்து மலைகளுக்குள் இருப்பது உருண்டையான, கெட்டியான மணல். எங்கோ தொலைவில் எண்ணெய்க்காகப் பாறையைப் பிளக்கிறார்கள். பிளந்த விரிசல் மூடிக்கொள்ளாமல் இருக்க இந்த மணலை உள்ளே செலுத்துகிறார்கள். இப்போது கம்பெனிக்கு நெல்ஸின் மலையும் வேண்டும். அவர்களுடைய ஆள் வந்து கேட்டபோது "யோசிச்சு சொல்றேன்" என்றான். யோசிக்கவில்லை. மனைவி மாரித் இறந்து ஒரு வருடமாக அவன் எதையுமே யோசிக்கவில்லை.

சாயங்காலம் மாமியார் சோல்வெய்க் காரோடு வந்து நின்றார்.

"சட்டைய மாத்து. ஊர்க் கூட்டம்."

"நான் எதுக்கு அத்தை?"

"சுரங்கம் வேண்டாம்னு சொல்ற அதிகாரம் ஊருக்கு வேணுமா வேணாமான்னு இன்னிக்கு ஓட்டு. அவங்க கேக்கறது உன் மலைய. நீ மாட்டுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டிருப்பியா?"

பழைய பள்ளிக்கூடத்தில் கூட்டம். காபி வாசனை. சோல்வெய்க் சுட்டு வந்த உருளைக்கிழங்கு ரொட்டிச் சுருள்கள் மேசையில் பாதி காலி. பேச்சு இரண்டு பக்கமும் இழுத்தது. அப்போது சோல்வெய்க் எழுந்தார்.

"எம் பொண்ணு சாகறப்ப கடைசியா என்ன சொன்னா தெரியுமா? 'மலைய குடுத்துராத'ன்னு சொன்னா."



"செத்தவங்களுக்கு ஓட்டு கிடையாது, சோல்வெய்க் அக்கா" என்றான் டுவெய்ன். "மணல் காசுலதான் எங்க வீட்டுக் கூரை ஒழுகாம நிக்குது."

எல்லோரும் நெல்ஸைப் பார்த்தார்கள். மாரித் சாகும்போது அவள் அறையில் இருந்தது அவன் மட்டும்தான். அவன் எழுந்தான்.

"மாரித் அப்படிச் சொல்லல."

சோல்வெய்க் மெதுவாக உட்கார்ந்தார். டுவெய்ன் கைகளைக் கட்டிக்கொண்டு சிரித்தான்.

"மலையப் பத்தி அவ பேசவே இல்ல. குடுக்க மாட்டேன்னு சொல்றது நான். அவ வாயில அதைப் போடாதீங்க. ஓட்டு எப்படிப் போனாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

பேசி முடித்த பிறகுதான் அது தன் முடிவு என்று அவனுக்கே தெரிந்தது.  

ஊருக்கு அதிகாரம் வேண்டும் என்பவர்கள் எழுந்து நிற்கச் சொன்னார் கூட்டத் தலைவர். முதலில் எழுந்தது டுவெய்னின் மனைவி பெத்.

"உக்காருடி" என்றான் டுவெய்ன்.

"இந்தத் தூசியால வெளிய துணி காயப்போட்டு ரெண்டு வருஷமாச்சு. நீ உக்காந்துக்கோ."

யாரோ சிரித்தார்கள். நாற்காலிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் நகர்ந்தன. தலைவர் எண்ணினார், மறுபடி எண்ணினார். பிறகு, ஊருக்கே அதிகாரம் என்று அறிவித்தார்.

திரும்பும் வழியில் நெல்ஸ்தான் ஓட்டினான். 

"என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டே."

"ஆமா அத்தை."

"பெத் எந்திரிச்சா பாரு. அதுக்காக விட்டுர்றேன்." மூக்கை உறிஞ்சினார். "சரி, நெஜமா என்னதான் சொன்னா?"

மலையடிவாரத்துச் சதுப்பு வந்ததும் நெல்ஸ் காரை நிறுத்தி, தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினான். ஏப்ரல் குளிர் உள்ளே வந்தது. இருட்டிய நீரிலிருந்து ஒன்று, அப்புறம் பத்து, அப்புறம் எண்ண முடியாத குரல்கள்.

"ஏத்திவிடு, குளிருது" என்றார் சோல்வெய்க்.

"இதைத்தான் அத்தை கேட்டா" என்றான் நெல்ஸ். "'ஜன்னலைத் திற நெல்ஸ், தவளை கத்த ஆரம்பிச்சிருச்சான்னு பாப்போம்.'"