சுருக்கத்துக்கு மூன்று இஞ்சு

"போகாதுங்மா. மூணு இஞ்சு இடிக்குது" என்றான் வேல்குமார், கட்டிலின் கால்மாட்டைப் பிடித்தபடி.

கட்டிலில் அவன் அப்பா தங்கதுரை கிடந்தார். காலையில் போன உயிர். இப்போது மணி இரண்டு. குளிப்பாட்டித் தூக்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால், பொடக்காலியில் தண்ணீர்த் தொட்டிக்கும், அவர் கட்டிக்கொண்டிருந்த தகரக் கொட்டகைக்கும் நடுவே கட்டில் சிக்கி நின்றது.

அந்த மூன்று இஞ்சு எங்கிருந்து வந்தது என்று அவர் மனைவி சித்ரகலாவுக்குத் தெரியும். முப்பத்தெட்டு வருஷம் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்த மனுஷன். துவைத்தால் துணி சுருங்கும் என்று கொஞ்சம் கூட விட்டே வெட்டிப் பழகிய கை. மூட்டுவலி வந்து வேலையை விட்டபின், மண்வெட்டியும் ஹோஸும் வேப்பம்புண்ணாக்கு மூட்டையும் வைக்க ஒரு கொட்டகை என்று ஆரம்பித்தார். செல்போனில் பார்த்துப் பார்த்து, ஆள் வைக்காமல், தானே. கழுத்தில் தொங்கிய தையல் டேப்பால்தான் அளவெல்லாம். பைப்புக்கும் தகரத்துக்கும் மறக்காமல் சுருக்கம் விட்டார்.

"ஏனுங்க, துணி சுருங்கும். தகரம் சுருங்குமா?" என்று கேட்டிருக்கிறாள்.

"கை கேக்க மாட்டீங்குது அம்முணி. பெருசாத்தான இருக்குது? பத்தாமப் போனாத்தான் வம்பு."

வேல்குமார் கட்டிலை இறக்கி வைத்தான். "இந்தப் பக்கத் தகரத்தைக் கழட்டிட்டா போயிரும். டிரில்லு இருக்குது. பத்து நிமிஷம்."

"கழட்டி எறி கண்ணு" என்றாள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்த பொன்னாத்தாள், செத்தவரின் அக்கா. "மம்பட்டிக்கு ஊடு கட்டறேன்னு ரெண்டு மாசமா வெயில்ல நின்னான். இதுதான் அவனத் தின்னுபோட்டுது."

"கழட்ட வேண்டாம்."

சித்ரகலாவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "கழட்ட வேண்டாம் கண்ணு. இன்னும் கதவு மாட்டலீல்ல? தலைமாட்ட வாசல் வழியா உள்ள உடு. கால்மாடு தொட்டிகிட்ட வந்துரும்."

வழக்காட யாருக்கும் தெம்பில்லை. தூக்கித் திருப்பினார்கள். வாசலுக்கும் சுருக்கம் விட்டிருந்தார். கட்டில் எங்கும் இடிக்காமல் நுழைந்தது.

அவளும் பின்னாலேயே உள்ளே போனாள். கூரையில் நாலு தகரம் திருகி முடிந்திருந்தது. ஐந்தாவதின் ஒரு முனை பைப்பின் மேல். மறுமுனை நட்டுவைத்த ஓர் அட்டைக் குழாயின் மேல். துணி ரோலுக்கு நடுவே வருகிற குழாய். தகரம் வழுக்காமலிருக்க அதன் உச்சியில் பனியன் வேஸ்ட் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தார். பக்கத்தில் போய் நின்றாள். அவள் கையைத் தூக்கினால் எட்டுகிற உயரம். அளந்து வெட்டியது மாதிரி இருந்தது.

நேற்றுச் சாயங்காலம் கேட்டார். "ஒரே ஒரு தகரந்தான் அம்முணி. அந்த முனையைப் புடிச்சீன்னா நாலு ஸ்க்ரூ போட்டுருவேன்."

நெருப்பெரிச்சல் ஊரில், பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிளில் பத்து மணி நேரம் நின்றுவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். கால் இரண்டும் பன்னாய் வீங்கியிருந்தது. "நானென்ன உங்களுக்கு ஹெல்பருங்களா? கம்பெனியிலதான் நிக்கறேன், ஊட்லயும் நிக்கோணுமா? நாளைக்குப் பாக்கலாம் போங்க."

"சரி, நீ படு. காலுக்குச் சுடுதண்ணி வெக்கட்டா?"

பதில் சொல்வதற்குள் தூங்கிப்போனாள். ஞாயிற்றுக்கிழமை, எழுந்தபோது மணி எட்டு. டீயோடு வந்து பார்த்தால், கொட்டகைக்குள் பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல், தகரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கழுத்தில் டேப். கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை.

எண்ணெய் வைத்தார்கள். சீயக்காய் தேய்த்தார்கள். பங்காளிகள் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினார்கள். இடுக்கான இடம். குனிந்து நிமிர்ந்த யாருடைய முழங்கையோ பட்டு அட்டைக் குழாய் சாய்ந்தது. தகரம் சரிந்து வந்தது, நேராக அவர் முகத்துக்கு.

"அம்மா!"

"புடிச்சுட்டேன்."

எப்படிப் பாய்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. இரண்டு கையும் மேலே, கைகளில் தகரம்.

"எறக்குங்மா, ஓரமா வெச்சுக்கலாம்."

"வேண்டாம். நீங்க தண்ணி ஊத்துங்க."

ஊற்றினார்கள். அவரைத் தொட்டு வழிந்த தண்ணீர் அவள் கால்விரல்களுக்கிடையே ஓடியது. தோள் கடுத்தது. தகரம் கடகடவென்று ஆடியது. உடம்பைத் துடைத்துப் புது வேட்டி கட்டி, நெற்றிக்குத் திருநீறும் வைத்தாயிற்று.

"கைய உடு அம்முணி" என்று பொன்னாத்தாள் வாசலில் வந்து நின்றாள். "வாய்க்கரிசி போடோணும். நேரமாச்சு."

"வர்றேனுங் நங்கையா" என்றாள் நாத்தனாரிடம். " ஸ்க்ரூ போட்டுறட்டும்."

"பொணத்த வெச்சுக்கிட்டா?"

சித்ரகலா தகரத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள், அவ்வளவுதான். வேல்குமார் அம்மாவைப் பார்த்தான். அத்தையைப் பார்த்தான். பெயிண்ட் டப்பாவை இழுத்துப் போட்டு ஏறினான். பைப்பில் கட்டித் தொங்கவிட்ட டீ டம்ளருக்குள் நாலே நாலு ஸ்க்ரூ இருந்தது.

டிரில் சத்தம் கேட்டு முன்வாசலில் ஒப்பாரி நின்றுபோனது. ஒன்று. இரண்டு. மூன்றாவது வழுக்கியது, திரும்ப எடுத்துப் போட்டான்.

"உடுங்மா. நின்னுருச்சு."

"நேரா இருக்குதா?"

"மூணு இஞ்சு வெளிய நீட்டிட்டிருக்குதுங்மா."

"இருக்கட்டும்."

மெதுவாகக் கையை எடுத்தாள். தகரம் நின்றது. பொன்னாத்தாள் அவள் முந்தானையைச் சரிசெய்து, முழங்கையைப் பிடித்துக் கட்டிலின் தலைமாட்டுக்குக் கூட்டிப்போனாள்.

சடங்கு செய்பவர் அவள் கையில் அரிசியை வைத்தார். உள்ளங்கையின் குறுக்கே தகர விளிம்பு அழுத்திய கோடு, சிவந்து பள்ளமாக. மூன்று தரம் போட்டாள். மூன்றாந்தரம் கையைக் கவிழ்த்தபோது, அந்தப் பள்ளத்தில் நாலைந்து அரிசி ஒட்டிக்கொண்டு விழாமல் இருந்தது.