பாதிரியாரின் வாரிசு

பல் டாக்டருக்கு அந்தச் சனிக்கிழமை ஒரே ஒரு ஆசைதான். மைத்துனனுக்கு முன்னால் ஒரு கையெழுத்துப் போட்டுவிட வேண்டும்.

ஜியோகேச்சிங் என்கிற பைத்தியத்தைக் குடும்பத்துக்குள் கொண்டுவந்தவரே அவர்தான். யாரோ ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, இருக்குமிடத்தை இணையத்தில் போடுவார்கள். போனைப் பிடித்துக்கொண்டு போய்த் தேடி, உள்ளே இருக்கும் நோட்டில் கையெழுத்துப் போட்டு, பழையபடி வைத்துவிட வேண்டும். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மைத்துனன் அவருக்குப் பின்னால் வந்து சேர்ந்தவன். ஆனால் இதுவரை பன்னிரண்டு டப்பாவில் அவன்தான் முதல் கையெழுத்து. ஒவ்வொன்றையும் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் அக்காவுக்கு விலாவாரியாகச் சொல்வான். அவளும் விழுந்து விழுந்து சிரிப்பாள். அதுதான் டாக்டருக்கு ஆறவில்லை.

பதின்மூன்றாவது டப்பா, கிராமத்துப் பழைய தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில், சாய்ந்துபோன ஒரு கல்லுக்குப் பின்னால் இருப்பதாகப் போன் சொன்னது. வீங்கிய கன்னத்தோடு வந்தவரைத் திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டு டாக்டர் ஓடினார். போய்ப் பார்த்தால், கல்லுக்குப் பக்கத்திலேயே தோட்டக்காரம்மா உட்கார்ந்து களை பிடுங்கிக்கொண்டிருக்கிறார். வெளியாள் பார்க்கும்போது டப்பாவைத் தொடக் கூடாது, வேறு வேலையாக வந்ததுபோல் காட்டிக்கொள்ள வேண்டும் என்பது ஆட்டத்தின் விதி. கல்லறை முன்னால் வேறு என்ன வேலை இருக்கும்? டாக்டர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணை ஒற்றினார்.

இருபது நிமிடம் ஒற்றினார். அந்தம்மா நகர்கிற வழியாக இல்லை. கடைசியில் எழுந்து வந்து, இவர் உங்களுக்கு என்ன வேணும் என்று பரிவோடு கேட்டார். பாசி படிந்த கல்லில் 1794 என்ற வருஷம் மட்டும்தான் தெரிந்தது.

"எங்க கொள்ளுத்தாத்தாவுக்குத் தாத்தா," என்றார் டாக்டர், குரலைத் தழுதழுக்கவைத்து.

தோட்டக்காரம்மா களைக்கொத்தைக் கீழே வைத்தார். "இவரு இந்தக் கோயில்ல பாதிரியாரா இருந்த சாமியாருங்க. கல்யாணமே பண்ணிக்காதவரு."

டாக்டர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். அந்தம்மாவோ அவர் முகத்தையே உற்றுப் பார்த்தார். உள்ளே சாமியாரின் படம் ஒன்று மாட்டியிருக்கிறதாம், மூக்கு அச்சு அசல் இதே மூக்காம். ஊரில் அரசல்புரசலாக ஒரு பேச்சு ரொம்ப நாளாகவே உண்டாம், ஆதாரம்தான் கிடைக்கவில்லையாம். இருங்க, பங்குத்தந்தையைக் கூட்டிவருகிறேன் என்று கிளம்பினார்.

அவர் போய்விட்டால் டப்பா கைக்கு வந்துவிடும். டாக்டருக்குச் சபலம் தட்டாமல் இல்லை. ஆனால் இருநூறு வருஷத்துக்கும் மேலாக நல்ல பெயரோடு படுத்திருக்கும் மனிதரின் தலையில் தன் வம்சத்தையே கட்டிவிட்டுப் போவதா? நாலடி ஓடி அந்தம்மாவை மறித்தார். டப்பா, நோட்டு, மைத்துனன், பன்னிரண்டு தோல்வி என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார்.

"அந்த டப்பாவா?" என்றார் தோட்டக்காரம்மா. "காலையிலேயே களை எடுக்கும்போது கையில மாட்டுச்சு. பேரு எழுதுங்கன்னு போட்டிருந்தது. எழுதி, இருந்த இடத்துலயே வச்சுட்டேன்."

டாக்டர் திறந்து பார்த்தார். முதல் வரியில் குண்டு குண்டான எழுத்தில் அந்தம்மாவின் பெயர் இருந்தது. வயிறு எரிந்தது. இரண்டாவது வரியில் கையெழுத்துப் போட்டு முடிக்கவும், மைத்துனன் மூச்சிரைக்க வந்து நிற்கவும் சரியாக இருந்தது. அவன் நோட்டை வாங்கிப் பார்த்தான். முகம் தொங்கிப்போனது.

"யாரு அத்தான் இது, முதல் ஆளு?"

டாக்டருக்கு வயிற்றெரிச்சல் போன இடம் தெரியவில்லை. பேனாவை மூடாமல் அவனிடம் நீட்டினார்.

"அது கிடக்கட்டும் மாப்ள. நீ இங்க போடு, எனக்குக் கீழே."