செங்குத்துப் பாதை

முதல் ஆளாக மேலே ஏறியது தள்ளுவண்டிதான். மேனேஜரின் ஒன்றரை வயதுப் பிள்ளை அதில் சாய்ந்து உட்கார்ந்து, கையில் ஒரு பிஸ்கட்டை வைத்துக்கொண்டு, ஏதோ மந்திரி பார்வையிட வந்த மாதிரி ரெண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு போனது. மேனேஜர் ஒரு கையால் தள்ளினார். இன்னொரு கையில் போன். சக்கரம் எங்கேயும் சிக்கவில்லை, பிஸ்கட்டும் கையை விட்டு விழவில்லை. பின்னால் வந்துகொண்டிருந்த தம்பி அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நடந்தான்.

அவனுக்கு வயசு முப்பத்தெட்டு. குழாயும் ஷவரும் வாஷ்பேசினும் விற்கிற கம்பெனியில் கிடங்கு சூப்பர்வைசர். பதவி வந்து மூன்று மாசம்தான் ஆகிறது. கிடங்கில் இருபது பேர் அவனை சார் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆனாலும் வீட்டில் அவன் தம்பிதான். அண்ணன் ஒருத்தர் கூடவே இருக்கிறாரே, வேறு என்னவாக இருக்க முடியும்?

பாதை தொடங்குகிற இடத்திலேயே ஒரு பலகை இருந்தது. அவன் பெண்டாட்டி அதன் முன்னால் நின்று, ஸ்கூல் பிள்ளை மாதிரி சத்தம் போட்டுப் படித்தாள். "ஏரி காட்சி நடை. நாற்பது நிமிடம். குழந்தைகள், வயதானவர்கள் எல்லோருக்கும் ஏற்றது." படித்துவிட்டு அவனைத் திரும்பிப் பார்த்தாள். ஏதாவது சொல்லியிருந்தால்கூடப் பதிலுக்கு எரிந்து விழுந்திருக்கலாம்.

விஷயம் இதுதான். வியாழக்கிழமை காலையில், அண்ணனிடம் அவன் ஒரு பொய் சொல்லிவிட்டான்.

அண்ணன் ஷூ தைக்கிறவர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஆள் படுக்கிற அகலத்தில் கடை. பிறந்ததிலிருந்தே இடது கால் வலதை விட ரெண்டு விரல் குட்டை. "ஒண்ணு நெட்டை, ஒண்ணு குட்டை, கூட்டி ரெண்டால வகுத்தா நானும் உங்கள மாதிரி ஆளுதான்" என்பார் கேட்கிறவர்களிடம். இடது ஷூவுக்கு அவரே பழைய லாரி டயரை வெட்டி அடுக்கி, கனமாக ஒரு அடிப்பாகம் போட்டிருந்தார். அலை அலையாக வளைந்த டயர்ப் பள்ளங்கள் தரையைப் பார்த்து இருக்கும். போன மாசம் குட்டியின் ஷூ வாயைப் பிளந்தபோது, அதே டயரில் மிச்சமிருந்த துண்டை வெட்டி அவளுக்கும் ஒட்டிக் கொடுத்தார். குட்டி என்பது தம்பியின் ஒரே மகள். ஆறு வயசு. "பெரியப்பாவும் நானும் ஒரே லாரி" என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் குடும்பத்தோடு ஏரிக்கு நடக்கப் போகிறோம் என்று போன வாரமே வீட்டில் பேச்சு வந்தது. "அண்ணனையும் கூட்டிட்டு வாங்கன்னு மேனேஜர் சொன்னாருல்ல?" என்று பெண்டாட்டிதான் போட்டு உடைத்தாள். அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அன்றைக்கே தன் ஷூவை எடுத்துப் புதுசாகப் பசை போட்டு, ராத்திரி முழுக்கக் கல்லை வைத்து அழுத்திவிட்டார்.

தம்பிக்கு அப்போதே நெஞ்சில் முள். காரணம் அந்தக் கால் இல்லை. போன வருஷம் கம்பெனி விருந்துக்கு அண்ணனைக் கூட்டிப் போயிருந்தான். எல்லோரும் கையில் தட்டோடு நின்று பேசிக்கொண்டிருக்கும்போது, அண்ணன் மேனேஜரின் ஷூவையே உற்றுப் பார்த்தார். அப்புறம் பொசுக்கென்று தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, "சார், காலைத் தூக்குங்க. உங்க குதிங்கால் உள்பக்கமா தேயுது" என்று அவர் கணுக்காலைப் பிடித்துவிட்டார். ஹாலே திரும்பிப் பார்த்தது. யாரோ சிரித்தார்கள். "உருண்டை, வந்து பாருடா இதை!" என்று கீழே இருந்தபடியே தம்பியை வேறு கூப்பிட்டார். உருண்டை என்பது அவனுடைய சின்ன வயசுப் பேர். மறுநாள் கிடங்கில் ரெண்டு பையன்கள் அந்தப் பேரைச் சொல்லிச் சிரித்தது அவன் காதில் விழுந்தது. அன்றைக்குச் சூடு பட்டது இன்னும் ஆறவில்லை.

அதனால்தான் வியாழக்கிழமை, அண்ணன் கடைக்குக் கிளம்புகிற நேரம் பார்த்துச் சொன்னான்.

"அண்ணே, அந்த ஏரிப் பாதை இருக்கே, ரொம்ப செங்குத்தாம். பாறையைப் பிடிச்சுப் பிடிச்சு ஏறணுமாம். உங்க காலுக்கு ஆகாதுன்னு நினைக்கிறேன்."

அண்ணன் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் கழித்து முடிச்சை இழுத்தார்.

"அப்படியா? செங்குத்தா?"

"ஆமாண்ணே. போயிட்டு வந்தவங்க சொன்னாங்க."

"சரிடா. அப்ப என்னால ஆகாது. நீங்க போயிட்டு வாங்க."

அவ்வளவுதான். இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதே என்று அவனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. சமையலறையிலிருந்து பெண்டாட்டி மட்டும், "உங்களுக்கே நல்லா இருக்கா?" என்றாள். அவன் தண்ணீர் குடிக்கிற மாதிரி சொம்பை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டான்.

ஏரிப் பாதையின் முதல் வளைவில் ஒரு கிழவர் ஊன்றுகோலோடு இறங்கி வந்தார். ரெண்டாவது வளைவில் வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி, புருஷன் கையைக்கூடப் பிடிக்காமல், ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டே போனாள். ஊரில் நடக்க முடியாதவர்களை எல்லாம் யாரோ பொறுக்கி எடுத்து இன்றைக்கென்று இங்கே அனுப்பியிருக்கிறார்கள் என்று தோன்றியது அவனுக்கு.

"உங்க அண்ணன் ஏன் வரல?" மேனேஜர் போனைப் பையில் போட்டுவிட்டுக் கேட்டார்.

"வரலைன்னுட்டார் சார். கால் வலியாம்."

"அடடா. அவர்கிட்ட ஒரு நன்றி சொல்லணும்னு இருந்தேன். அன்னிக்கு அவர் சொன்ன மாதிரி குதிங்காலுக்கு உள்ளே ஒரு தோல் துண்டு வைக்கச் சொன்னேன். முட்டி வலி போயே போச்சு. மூணு டாக்டர் பாத்தும் போகாத வலி."

"அதானே," என்றாள் மேனேஜர் பெண்டாட்டி. "வீட்ல இப்பவும் உங்க அண்ணன் பேச்சுதான்."

தம்பி சிரித்தான். உதடு மட்டும் இழுத்துக்கொண்டது. ஒரு வருஷமாக, அண்ணன் பிடித்த எந்தக் காலை நினைத்து அவன் கூனிக் குறுகினானோ, அந்தக் கால் இதோ முன்னால் வலியில்லாமல் வண்டி தள்ளிக்கொண்டு போகிறது.

மூன்றாவது வளைவு திரும்பியதும் ஏரி தெரிந்தது. காற்றே இல்லை. துவைத்து விரித்த போர்வை மாதிரி ஒரு சுருக்கம் இல்லாமல் கிடந்தது தண்ணீர். அக்கரை மரங்கள் தலைகீழாக அதற்குள் நின்றன. எல்லோரும் ஆளுக்கொரு "ஆகா" சொன்னார்கள். அங்கே ஒரு பெஞ்சு. பெஞ்சுக்கு முன்னால், செவ்வாய்க்கிழமை பெய்த மழையில் சேறாகி அப்புறம் காய்ந்து இறுகின செம்மண்.

"அப்பா!" குட்டி கத்தினாள். "பெரியப்பா வந்திருக்காரு!"

தம்பி திடுக்கிட்டுப் பின்னால் திரும்பினான். யாரும் இல்லை. குட்டி குனிந்து மண்ணைக் காட்டிக்கொண்டிருந்தாள். ஷூ தடம். வலது கால் வழவழவென்று லேசாக. இடது கால் ஆழமாக, அலை அலையாக. அவள் தன் காலைத் தூக்கிப் பக்கத்தில் இன்னும் காயாமல் கிடந்த ஈர மண்ணில் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். எடுத்தாள். அதே அலை, குட்டியாக.

"பாத்தியா? ஒரே லாரி!"

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். பெண்டாட்டி பார்த்தாள். அவள் முகம் மாறினதை அவன் பார்த்தான்.

"போடி, டயர் அடி ஊர்ல ஆயிரம் பேர் போடுறாங்க," என்றான். "வேற யாரோட தடமாவது இருக்கும்."

"இல்லப்பா, இடது கால்ல மட்டும்..."

"வேற யாரோன்னு சொல்றேன்ல!"

குரல் அதட்டலாக வந்துவிட்டது. மேனேஜர் சிரித்து, "சி.ஐ.டி. ஆபீசர் நம்ம கூட வந்திருக்காங்க," என்று பேச்சை மாற்றினார். குட்டி கீழுதட்டைப் பிதுக்கிக்கொண்டு தள்ளுவண்டிப் பக்கம் போய் நின்றாள்.

அவர்கள் போட்டோ எடுக்கும்போது தம்பி அந்தத் தடத்தின் பின்னாலேயே போனான். அது பெஞ்சிலிருந்து கம்பி வேலி வரைக்கும் போயிருந்தது. அங்கே ரெண்டு காலும் சேர்ந்து, ரொம்ப நேரம் நின்ற மாதிரி நன்றாகப் பதிந்திருந்தது. அப்புறம் திரும்பி வந்திருந்தது.

போன புதன்கிழமை அவன் ஞாபகத்துக்கு வந்தது. கடைக்கு லீவு. தோல் வாங்கப் போகிறேன் என்று கிளம்பின அண்ணன் சாயங்காலம்தான் வந்தார். கையில் தோல் இல்லை. "என்ன மாமா, பேன்ட்ல இவ்வளவு சேறு?" என்று பெண்டாட்டி கேட்டதற்கு, "பஸ் ஸ்டாண்டு ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கான்மா" என்றார். நல்ல சந்தோஷமாக இருந்தார் அன்றைக்கு. சாப்பிடும்போது தனக்குத்தானே சிரித்தார். ரெண்டு பஸ் மாறி வந்து, இந்தப் பாதையைத் தனியாக ஏறிப் பார்த்திருக்கிறார். நம்மால் முடியுமா, கூட வருகிறவர்களுக்குப் பாரமாகிவிடுவோமா என்று. முடிந்திருக்கிறது. இந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்திருக்கிறார்.

மறுநாள் காலையில்தான் இவன் போய்ச் சொன்னான், செங்குத்தாம் என்று.

கம்பி வெயிலில் சுட்டது. கையை எடுக்கவில்லை.

திரும்பும்போது வாடகைக் காரில் குட்டியின் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னான். "பெரியப்பா கேட்டா, பாதை ரொம்ப செங்குத்துன்னு சொல்லணும். சரியா?"

"ஏன்ப்பா?"

"சொன்னா சொல்லு."

பெண்டாட்டி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். வீடு வருகிறவரை திரும்பவில்லை.

அண்ணன் வாசல் அறையில், குட்டை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "வாங்க வாங்க" என்று குட்டியை இழுத்து உட்கார வைத்து, அவள் ஷூவைக் கழற்றி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். குத்தூசி முனையால் அலைகளுக்குள் சிக்கியிருந்த பொடிக்கல்லை ஒவ்வொன்றாக நெம்பிக் கீழே விரித்த பேப்பரில் போட்டார். டிக். டிக்.

"பாதை எப்படி இருந்துச்சு தங்கம்? ரொம்ப செங்குத்தா?"

குட்டி அப்பாவைப் பார்த்தாள். அப்புறம் தன் வெறுங்காலைப் பார்த்தாள்.

"ஆமா பெரியப்பா. ரொம்ப."

"நல்ல வேளை, நான் வரல. உங்கப்பன் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

தம்பி அந்தக் குரலில் எங்கேயாவது ஒரு குத்தல் இருக்கிறதா என்று தேடினான். இருந்தால் தேவலை. இல்லை.

"அண்ணே..."

"என்னடா உருண்டை, வாசல்லயே நிக்கிற? கிட்ட வா. உன் ஷூவையும் பாப்போம்."

"வேண்டாம்ணே."

"அட, காலைத் தூக்குடா."

அண்ணன் ஸ்டூலிலிருந்து இறங்கி, குட்டைக் காலைப் பக்கவாட்டில் நீட்டி, மற்றக் காலில் முட்டி போட்டு உட்கார்ந்து, அவன் கணுக்காலைப் பிடித்துவிட்டார். தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றான். அண்ணனின் உச்சந்தலை கீழே தெரிந்தது. முடி இவ்வளவு கொட்டிவிட்டதா? மூலையில் அவருடைய ஷூ இருந்தது, கழுவித் துடைத்து, கயிறு கட்டி. இடது அடியின் பள்ளங்களில் மட்டும் கழுவினதில் போகாத செம்மண் கோடு கோடாகக் காய்ந்திருந்தது.

அண்ணன் பெருவிரலால் அவன் ஷூவின் அடியை ஒருதரம் வழித்தார். விரலில் செம்மண் ஒட்டியது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் பேப்பரில் துடைத்துவிட்டு, குத்தூசியை எடுத்தார்.

டிக். டிக்.

காலை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை, ஊன்றவும் முடியவில்லை. சுவரைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் தள்ளாடினான். "ஆடாம நில்லுடா," என்றார் அண்ணன், பிடியை இன்னும் கொஞ்சம் இறுக்கி.