சனிக்கிழமை நோயாளி

டெல்லிக் குழு பதினொரு மணிக்கு வருகிறது. பத்து நாற்பதுக்கும் ஹெப்சிபா தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

பாளையங்கோட்டையில் அவள் வேலை பார்க்கும் மறதிநோய் ஆய்வுக்கு அரசு நிதி மார்ச்சோடு முடிகிறது. குழு தலையசைத்தால் இன்னும் மூன்று வருஷம். இல்லாவிட்டால், ஆழ்வார்குறிச்சி முதல் கங்கைகொண்டான் வரை வருஷாவருஷம் சோதித்து வரும் நானூற்றுப் பன்னிரண்டு முதியவர்களையும் அப்படியே விட்டுவிட வேண்டியதுதான். குழுவிடம் பேசப்போவது ஆய்வின் தலைவர் டாக்டர் ஜேசுதாசன்.

சோதனை எடுக்கும் பெண்களுக்குப் பயிற்சி தருவதும் அவர்தான். சனிக்கிழமைதோறும் நோயாளியாக உட்கார்ந்து வேண்டுமென்றே தப்பாகச் சொல்வார், அவர்கள் மதிப்பெண் போட்டுப் பழகுவார்கள். கடிகாரம் வரையச் சொன்னால் முள்ளை வட்டத்துக்கு வெளியே போடுவார். ஹெப்சிபாவுக்குச் சிரித்தே வயிறு வலிக்கும்.

குழு கேட்டாலும் கேட்கும் என்று அந்தப் பயிற்சித் தாள்களைத் தேதிவாரியாக அடுக்கும்போதுதான் கவனித்தாள். ஜூலைக்கு முன்னால் மதிப்பெண் ஏறியது, இறங்கியது. ஒரு வாரம் முற்றிய நோயாளி, மறுவாரம் லேசான மறதி. ஜூலைக்கு அப்புறம் இறக்கம் மட்டும்தான். முப்பதுக்கு இருபத்தாறு, இருபத்துநாலு, இருபத்தொன்று.

நடிப்பு இப்படி வரிசையாகத் தேயுமா?

டாக்டர் அறைக்கு ஓடினாள். குழு எத்தனை மணிக்கு என்று அவர் கேட்டார். காலையிலிருந்து மூன்றாவது தடவை. அவள் கதவைச் சாத்தினாள்.

"சார், அஞ்சு வார்த்தை சொல்லுதேன். இன்னைக்கு நடிக்காதீங்க. வாழை, படகு, சாவி, மஞ்சள், குடை."

அவர் மறுக்கவில்லை, திருப்பிச் சொன்னார். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி கேட்டாள்.

"வாழை..." விரல் மடக்கினார். "படகு." மூன்றாவது விரல் மடங்கவில்லை.

இதோ சிரிக்கப்போகிறார் என்று காத்திருந்தாள். அவர் சிரிக்கவில்லை.

"ஜூலையிலேயே எனக்குத் தெரியும்மா. சனிக்கிழமை மட்டுந்தான் பயமில்லாம தப்பு சொல்ல முடிஞ்சுது. நீங்கள்லாம் சிரிச்சீங்க."

வாசலில் கார் வந்து நின்றது. அவர் உரைத் தாள்களை அவள் பக்கம் தள்ளினார்.

"நீயே பேசு. நான் பாதியில நின்னுருவேன்."

விஷயம் தெரிந்தால் நிதியை நிறுத்திவிட மாட்டார்களா என்று கேட்டாள்.

"நிறுத்தட்டும், நிறுத்தாமப் போகட்டும். மறைச்சுப் பேசாத. அவ்வளவுதான்."

புதுப் படிவம் ஒன்றை எடுத்து, பங்கேற்பாளர் எண் என்ற இடத்தில் நானூற்றுப் பதிமூன்று என்று எழுதினார். பெயர், வயது, முகவரி. அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

படியேறும் காலடிகள் கேட்டன. டாக்டர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"இன்னைக்கு என்னம்மா தேதி?"