ஆறடி வம்சம்

நாசரேத்து ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் தேவதாசன், தன் குடும்பத்தில் ஆறடிக்குக் குறைந்து ஓர் ஆண் பிறந்ததில்லை என்று பெண் வீட்டாரிடம் மார்தட்டியிருந்தார். தூத்துக்குடி துறைமுகத்தில் இன்ஜினியராக இருக்கும் மணப்பெண் ஜெபசுதாவோ, தன் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்திருந்த அவர் மகன் ஸ்டெபினின் கப்பல் வேலைச் சான்றிதழைப் புரட்டினாள்.

“இதுல நூத்தி அறுபத்தெட்டு சென்டிமீட்டர்னு இருக்கே மாமா. அஞ்சரை அடிதான் வருது.”

“சென்டிமீட்டர் கப்பல்காரன் கணக்கும்மா. எங்க வீட்டுல அடிதான்.”

தேவதாசன் தன் அப்பா காலத்து ஓரடி மரஸ்கேலைப் பையிலிருந்து உருவினார். மகனைச் சுவரோரம் நிறுத்தி, குதிகாலிலிருந்து உச்சிவரை ஆறு முறை வைத்துக் காட்டினார். ஆறடி, மயிரிழை பிசகவில்லை.

ஜெபசுதா ஸ்கேலை வாங்கிப் பார்த்தாள். “இது ஒண்ணுலேர்ந்துல்லா ஆரம்பிக்கி. முதல் அங்குலம் எங்க மாமா?”

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் விரல்முட்டியில் வாத்தியார் அப்பா அடித்து அதை உடைத்த கதையைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மூன்று தலைமுறையும் ஒரே நிமிடத்தில் அரையடி குட்டையாவதை எப்படி ஒப்புக்கொள்வது?

“ஆறடிக்குக் குறைஞ்சவன் எங்க வீட்டுப் பையனே இல்ல” என்று விறைத்து நின்றார்.

“சரிப்பா” என்றான் ஸ்டெபின். “அப்ப நான் இவங்க வீட்டுப் பையனா இருந்துக்கிடுதேன்.”

ஜெபசுதாவின் அம்மா முதல் காப்பியை அவன் கையில் கொடுத்தாள்.