கொஞ்ச நாளைக்கு

முதல் சட்டைக்கையை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்ததுமே சின்னவளுக்குத் தெரிந்துவிட்டது. மணிக்கட்டுப் பட்டியை அண்ணி உள்பக்கம் வெளியே தெரியும்படி தைத்திருக்கிறாள். அந்தத் துணிக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வெளிப்பக்கம் மட்டும் லேசாக மினுங்கும். தையல் கூடத்தில் அண்ணியின் மிஷின் இவளுடையதற்கு நேர் முன்னால். கையை நீட்டினால் முதுகைத் தொடலாம். 'அண்ணி, பட்டி மாறிப்போச்சு' என்றால் போதும். சின்னவள் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு அடுத்த கையை எடுத்தாள்.

இதெல்லாம் ஒரு பதிலில் ஆரம்பித்தது. வெளியிலிருந்து பார்வையிட வந்தவர்கள் ஒவ்வொரு வரிசையிலும் நின்று, இங்கே ஏதாவது கஷ்டம் உண்டா என்று கேட்டார்கள். எல்லோரும் இல்லை என்று தலையாட்ட, அண்ணி மட்டும் "பாத்ரூம் போகணும்னு கேட்டா விட மாட்டேங்கிறாங்க" என்றாள். அவ்வளவுதான். அவர்கள் போன பிறகு சூப்பர்வைசர் தன் கண்ணாடி அறையிலிருந்து இறங்கி வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் யாராவது எதிர்த்துப் பேசியிருப்பார்களோ என்னவோ. "கொஞ்ச நாளைக்கு அவங்ககூட யாரும் பேச வேண்டாம்மா. வேலை கெடுது. யாராவது கேட்டா என் பேரைச் சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்" என்றார், மருந்துச் சீட்டைப் படித்துக் காட்டுகிறவர் மாதிரி. எத்தனை நாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. யார் கேட்கிறார்கள் என்று ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓயாமல் பேசுவதால் ரேடியோ என்று பேரெடுத்தவளே தலையைக் குனிந்து ஊசியில் நூல் கோத்தாள்.

அன்று வீடு திரும்பும்போது அண்ணிக்கும் சின்னவளுக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. "இங்க பேசலைன்னா என்னடி, வீட்ல வந்து வட்டியோட பேசிக்கலாம்" என்றாள் அண்ணி. சூப்பர்வைசர் மாதிரியே கழுத்தைச் சாய்த்து, "சாப்பிட்டீங்களாம்மா, நான் பாத்துக்கறேன்" என்று நடித்துக் காட்டினாள். அம்மா போன பிறகு சின்னவளுக்குத் தலை பின்னிவிட்டதும், காய்ச்சலில் விடிய விடிய மடியில் போட்டுக்கொண்டதும், இந்த வேலைக்குக் கூட்டிவந்ததும் அவள்தான்.

ஆனால் பஸ் நிறுத்தத்தில் கூட வேலை பார்க்கிறவர்கள் நிற்பார்கள். எதற்கு வம்பு என்று அங்கே தள்ளி நின்றார்கள். பஸ்ஸிலும் அவர்கள் இருந்தார்கள். பிறகு தெரு முனை திரும்பும்வரை பேசுவதில்லை என்று ஆயிற்று, பிறகு வாசல்வரை. நாளெல்லாம் பேசாதிருந்த வாயை வீட்டு வாசலில் சட்டென்று திறக்க முடியவில்லை, துருப்பிடித்த தாழ்ப்பாள் மாதிரி. லாரி ஓட்டிவிட்டு ஒரு நாள் வீட்டுக்கு வந்த அண்ணன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "என்ன, சண்டையா? வீடு எழவு விழுந்த மாதிரி இருக்கு."

"சண்டையெல்லாம் இல்லண்ணா" என்றாள் சின்னவள். அது பொய்யில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

பட்டி மாறிய அன்று, அந்தச் சட்டைகள் சாயங்காலம் சரிபார்க்கும் மேஜையில் அகப்பட்டன. அண்ணியை எல்லோருக்கும் எதிரே நிற்கவைத்தே ஒவ்வொன்றாகப் பிரிக்கச் சொன்னார்கள். சின்னவள் தன் மிஷினை விடாமல் மிதித்துக்கொண்டிருந்தாள், அந்தச் சத்தத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது போல. சொன்னது அவர், பொறுப்பும் அவருடையது, நான் என்ன செய்ய என்று மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். கணக்கு சரியாகத்தான் வந்தது. ஏன்டி சொல்லல என்று வீட்டிலாவது அண்ணி கேட்பாள் என்று காத்திருந்தாள். அண்ணி சோற்றைப் போட்டுத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள்.

பிறகு ஒரு நாள் சூப்பர்வைசரை வேறு கிளைக்கு மாற்றிவிட்டார்கள். அவர் இடத்துக்கு வந்த பெண் முதல் நாளே, "ஏன் இப்படி இருக்கீங்க? வேலை நடந்தா சரி, யார்கூட வேணாலும் பேசுங்க" என்றாள். ரேடியோ மறுபடி பாட ஆரம்பித்தது. சிரிப்பு வந்தது, வம்புப் பேச்சு வந்தது. அண்ணியின் மிஷினைச் சுற்றி மட்டும் ஒன்றும் வரவில்லை.

"அவங்ககூடப் பேசலாம்னு தனியாச் சொல்லலியே" என்று ரேடியோ சின்னவள் காதில் கிசுகிசுத்தாள். "பழைய சூப்பர்வைசரே வந்து சொல்லியிருந்தா வேற."

"அவருதான் போயிட்டாரே அக்கா."

"அதான்டி" என்றாள் ரேடியோ.

அன்று சாயங்காலம் அண்ணி சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். சின்னவள் நிலைப்படியில் நின்றாள். பஸ்ஸில் வரும்போதே சொல்ல வேண்டியதை வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள், ஒன்றும் நிற்கவில்லை.

"அண்ணி" என்றாள். குரல் தன்னுடையது மாதிரியே இல்லை. "அந்தப் பட்டி... முதல் கையிலயே பாத்துட்டேன் அண்ணி."

அண்ணியின் கை நின்றது. அவள் திரும்பினாள். உதடு பிரிந்தது. ஆனால் கண் சின்னவள்மேல் நிற்காமல், அவள் தோளைத் தாண்டிப் பின்னால் கூடத்துக்குப் போயிற்று, யாராவது இருக்கிறார்களா என்று.

சின்னவளும் திரும்பிப் பார்த்தாள். கூடத்தில் யாரும் இல்லை. சுவர் ஆணியில் அண்ணனின் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே இரண்டு பேரும் நின்றார்கள். குழாயில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.