நீல டைல்ஸ்

அஸர் பாங்கு முடிந்த நேரத்தில் ஆசியா வீடியோ அழைப்பில் வந்தாள்.

முஹ்ஸினா போனை எடுக்கவில்லை. கல்லா மேசையிலிருந்த ஆர்க்கிட் தொட்டியைத் தூக்கிக்கொண்டு கடையின் பின்பக்கம் ஓடினாள். கழிவறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். பிறகு வந்து எடுத்தாள்.

ஆசியா அவள் கணவன் ஷரபுதீனின் அக்கா. லூமுட்டில் இருக்கிறாள். தன் மகள் கல்யாணத்துப் பிரியாணியில் உப்பு கம்மி என்று முஹ்ஸினா சொன்னதற்காக இரண்டு வருடம் பேசாமல் இருந்தவள். போன பெருநாளன்று சிலிபினில் இவர்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடையைத் தேடி வந்தாள். அந்த ஆர்க்கிட்டைக் கொடுத்துப் பேச்சைத் தொடங்கினாள். அடுத்த வருடம் முஹ்ஸினாவின் மகளுக்கு நிக்காஹ். ஆசியா முன்னால் நிற்க வேண்டும். செடி செத்தால் நிற்க மாட்டாள்.

"செடி எப்படியிருக்கு?"

"சூப்பரா இருக்கு லாத்தா. காத்தாட வச்சிருக்கேன்."

செடிக்கு இரண்டு இலை மிச்சமிருந்தது. இரண்டும் மஞ்சள்.

மறுநாள் பக்கத்துப் பூக்கடை குமுதா வந்தாள். செடியை உருவி வேரை மோந்தாள்.

"என்னக்கா ஊத்துனீங்க?"

"அரிசி கழுவுன தண்ணி. டீத்தூள் சக்கை. அவரு மீன் கழுவுன தண்ணி ஊத்துனாரு."

"சிவப்பா என்னமோ ஒட்டுது."

"அது தெனம் டீ குடிக்க வர்ற டாக்சி அப்பாவு அண்ணன். ரோஸ் சிரப் ஊத்துனாரு. பூவு ரோஸ் கலருல வரும்னாரு."

"இது பசியில சாகலக்கா. தின்னுட்டுச் சாவுது."

கறுத்த வேர்களைக் குமுதா கத்தரித்தாள். மண்ணைக் கொட்டினாள். ஓட்டைப் பூக்கூடை ஒன்றில் கரித்துண்டும் தேங்காய் மட்டையும் போட்டுச் செடியை நிறுத்தினாள்.

"கல்லாவுல வேணாம். ஏர்கோன் நேரா அடிக்குது. ராத்திரி எங்க இருந்துச்சு?"

முஹ்ஸினா கழிவறைக் கதவைத் திறந்தாள். சுவரெல்லாம் நீல டைல்ஸ். பாதிக் கூரை வெறும் கம்பிவலை. காலை வெயில் சாய்ந்து விழும். பின்சந்துக் காற்று வரும். தண்ணீர்த் தொட்டியால் எப்போதும் ஈரப்பதம்.

"இங்கயே மாட்டுங்க. கடையிலயே நல்ல எடம் இதுதான்."

"கஸ்டமர் வர்ற எடம்லா."

"அதுக்கென்ன. செடி கண்ண மூடிக்கும்."

மாட்டினார்கள். தண்ணீரை எப்போதாவதுதான் காட்டினார்கள். அப்பாவு சிரப்போடு உள்ளே போவதைத் தடுத்தார்கள். வேர் நுனி பச்சையாக நீண்டது. புது இலை ஒன்று வந்தது.

ஷரபுதீன் படம் எடுத்தான். வாளியும் குழாயும் தெரியாமல் எடுக்க வெகுநேரம் குனிந்து நின்றான். ஆசியாவுக்கு அனுப்பினான்.

"மாஷா அல்லாஹ்," என்று பதில் வந்தது. "பின்னாடி அந்த நீல டைல்ஸ் அழகா இருக்கு. மாடி வீட்டு ஹால்ல போட்டீங்களா? எந்தக் கடை?"

ஷரபுதீன் டைல்ஸ் வாங்கிய கடையின் பெயரை மட்டும் அனுப்பினான்.

"அது மாடி ஹால் இல்லன்னு சொல்லலாம்ல," என்றாள் முஹ்ஸினா.

"கடை எதுன்னு கேட்டுச்சு. சொன்னேன். இதுல பொய் எங்க இருக்கு?"

நோன்புக்கு முன் லூமுட்டிலிருந்து ஒரு படம் வந்தது. ஆசியாவின் வரவேற்பறை. நான்கு சுவரிலும் அதே நீலம், அதே மீன் செதில் வடிவம். நடுவில் புது சோபா.

ஷரபுதீன் சிரித்துச் சிரித்து வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான். முஹ்ஸினா சிரிக்கவில்லை.

பெருநாள் கழிந்து செடி காம்பு விட்டது. மொட்டுகள் வந்தன. ஞாயிற்றுக்கிழமை செடியைப் பார்க்க வருவதாக ஆசியா சொன்னாள்.

"மாடிக்குத் தூக்கிருவோம்," என்றான் ஷரபுதீன்.

"மொட்டு வச்சப்புறம் எடம் மாத்தாதீங்க, கொட்டிரும்," என்று குமுதா சொல்லியிருந்தாள். இருந்தும் முஹ்ஸினா கூடையைக் கழற்றினாள். கழிவறை வாசலில் கூடை லேசாக இடித்தது. ஒரு மொட்டு உதிர்ந்து தரையில் விழுந்தது. கூடையைப் பழைய இடத்திலேயே மாட்டினாள்.

ஞாயிறு காலை முதல் பூ விரிந்திருந்தது. ஷரபுதீன் கழிவறைக் கதவில் ஒரு தாள் ஒட்டினான். ரோசாக், பழுது.

ஆசியா வந்தாள். ஒரு கிளாஸ் தே தாரிக் டீ குடித்தாள்.

"செடி எங்க?"

"மேல இருக்கு லாத்தா," என்றான் ஷரபுதீன். "மாடிப்படி இப்பதான் கழுவுனோம். வழுக்கும். காயட்டும்."

"அப்ப இன்னொரு தே."

இரண்டாவது கிளாஸ் முடிந்ததும் ஆசியா கைப்பையை மேசைமேல் வைத்தாள்.

"தண்டாஸ் போவணும். டாய்லெட் பின்னாடிதானே?"

"ரோசாக் லாத்தா. பக்கத்துக் கடைக்குப் போலாம், நான் கூட வாரேன்," என்றாள் முஹ்ஸினா.

அப்போது பின்பக்கமிருந்து அப்பாவு கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"தம்பி, எவனோ கதவுல ரோசாக்னு ஒட்டியிருக்கான். உள்ள எல்லாம் ஓகேலா. பூ வேற பூத்திருக்கு. வெள்ளைதான், ரோஸ் வரல."

ஆசியா அப்பாவுவைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். எழுந்து பின்பக்கம் போனாள். தாழ்ப்பாள் விழுந்தது.

முஹ்ஸினாவும் ஷரபுதீனும் கதவுக்கு வெளியே நின்றார்கள். உள்ளே தண்ணீர்ச் சத்தம்கூட இல்லை.

"முஹ்ஸினா." கதவு வழியாகக் குரல் வந்தது.

"லாத்தா."

"பூ நல்லாருக்கு."

முஹ்ஸினா மூச்சுவிட்டாள்.

"பெருநாளைக்கு, தம்பி வீட்டு ஹால் டைல்ஸ்னு சொல்லி, என் ஹால்ல அம்பது பேர உக்கார வச்சு பிரியாணி போட்டேன். அவங்ககிட்ட நான் இப்ப என்ன சொல்றது?"